பந்தைத் தொடாத வீரர்கள்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அவர்கள் அறிவித்தபோது உங்களிற் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டோம். பேசுவதற்கு ஆயிரம் பொருள் இருக்க, கடல் கடந்த அமெரிக்க நாட்டிலே, முட்டை வடிவான ஒரு பந்தை வைத்துக்கொண்டு தோளோடு தோள் முட்டி ஆடும் ஆட்டத்தைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று நீங்கள் எண்ணுவது நியாயமே. ஆனால் நாம் இதனை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எமக்கே சற்று வெட்கத்தைத் தருவது. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாம் பாதிரிமார் நிறுவிய ஒரு கல்லூரியிற் படித்தவர்கள். அங்கு உதைபந்தாட்டக் குழுவிலும் இடம்பெற்றிருந்தோம். ஒரு பருவம் முழுவதும் எங்கள் குழு ஓர் ஆட்டத்திலேனும் வெற்றி காணவில்லை. ஒவ்வொரு தோல்வியின் பின்னும் விடுதியிற் கூடியிருந்து, கோல் காத்த நண்பன் ஒருவனையே குறை கூறினோம். அவன் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த பருவம் தொடங்கியபோது அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவனுடைய இடத்தில் வேறொருவன் நின்றான். கோல்கள் முன்போலவே விழுந்தன. அப்பொழுதும் எமக்குப் புத்தி வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், கிறீன் பே பாக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் வரலாற்றை நூலகத்திற் படித்தபோதுதான் எங்கள் பிழை எங்கே இருந்ததென்று விளங்கிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கினுள் 10 யார் தூரமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களுக்கு இடையே உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளி. இவ்வளவும் நினைவில் இருந்தாற் போதும்.

எங்கள் உதைபந்தாட்டத்திலே பந்தில்லாத ஒருவனை வழிமறித்தால் நடுவர் உடனே ஊதுகுழலை ஊதுவார். அமெரிக்க ஆட்டத்திலோ அவ்வாறு வழிமறித்தல் ஒரு கலை. பந்தை ஏந்தி ஓடுபவன் ஒருவன். அவனை வீழ்த்த வருபவர் பதினொருவர். அவர்களைக் கையாற் பற்றிப் பிடிக்காமல், தோளாலும் உடலாலும் முட்டி ஒதுக்கி, ஓடுபவனுக்கு வழி திறப்பது அவனுடைய தோழர்களின் கடமை. இதனை நாம் 'மறிப்பு' என்று சொல்லுவோம். முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவில் நிற்பவர் சென்ரர். அவருக்கு இருமருங்கும் கார்ட் இருவர். அவர்களுக்கு அப்பால் ரக்கிள் இருவர். சென்ரர் பந்தைப் பின்னாலே நிற்கும் குவாட்டர்பாக்கிடம் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவது வழக்கம். ஓடியவர் எத்தனை யார் ஓடினார் என்று கணக்கு எழுதுவார்கள். மறித்தவர் எவரை மறித்தார் என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

இனிக் கிறீன் பே நகருக்குச் செல்வோம். விஸ்கொன்சின் மாநிலத்தின் வடகிழக்கிலே, குளிர் மிகுந்த ஒரு குடாக்கரையில் அமைந்த சிறு நகர் அது. 1960ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். 1919ஆம் ஆண்டில் அந்த ஊர் இளைஞர்கள் ஒரு குழுவை அமைத்தார்கள். இறைச்சியைப் பொதிசெய்து விற்கும் கம்பெனியொன்று சீருடைக்குப் பணம் கொடுத்தமையால் 'பொதி கட்டுவோர்' என்று பொருள்படும் பாக்கர்ஸ் என்ற பெயர் வந்தது. நியூயோர்க், சிக்காகோ முதலிய பெருநகரக் குழுக்களுக்குச் செல்வந்தர்கள் சொந்தக்காரர்; பாக்கர்ஸ் குழுவுக்கோ 1923ஆம் ஆண்டு தொடக்கம் பங்குப் பத்திரம் வாங்கிய ஊர்மக்களே சொந்தக்காரர். இலாபம் பகிர்வதில்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை ஊரார் கூடி நடாத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழு 1944ஆம் ஆண்டுக்குள் ஆறுமுறை சம்பியன் பட்டம் வென்றது. பின்னர் இறங்குகாலம் வந்தது. 1948 முதல் 1958 வரையான பதினொரு பருவங்களில் ஒன்றிலேனும் தோல்வியைவிட வெற்றி கூடியதாக இல்லை. 1958ஆம் ஆண்டிலே ஆடிய 12 ஆட்டங்களில் வெற்றி 1, சமநிலை 1, தோல்வி 10. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே பால்ரிமோர் கோல்ற்ஸ் குழுவிடம் 56 - 0 என்று தோற்றார்கள். ஊர்ப் பணத்தில் நடக்கும் குழு ஊரின் மானத்தை வாங்கினால் ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்களே, இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 1958ஆம் ஆண்டுக் குழுவில் இருந்தவர்கள் எவரெவர்? குவாட்டர்பாக் பார்ட் ஸ்ரார். பந்தேந்தி ஓடும் போல் ஹோர்னங், ஜிம் ரெயிலர். முன்வரிசையிலே ஜிம் றிங்கோ, பொறஸ்ற் கிறெக், ஜெரி கிறேமர். தற்காப்பிலே றே நிற்ஸ்கி. பின்னாளில் இந்த எழுவரும் அந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுக்கான கீர்த்தி மண்டபத்திலே இடம்பெற்றார்கள். இத்தகையோர் எழுவர் ஒருங்கே இருந்த குழுதான் பத்து ஆட்டங்களில் தோற்றது! 'ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்' என்று எங்கள் முதியோர் சொல்லுவார்கள். கிறீன் பேயிலோ ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கூடந்தான் உண்மையிலே கோணலாக இருந்தது.

கோணலை நிமிர்த்த வந்தவர் வின்ஸ் லொம்பார்டி. 1913ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தவர். போர்டம் பல்கலைக்கழகத்திலே படித்த காலத்தில் அவரும் ஒரு கார்ட். பந்தைத் தொடாத வீரர். அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்வரிசை எழுவரை 'ஏழு கருங்கற்கள்' என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அக்கற்களிற் சிறியது அவர். பின்னர் நியூ ஜேர்சியிலே ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் எட்டு ஆண்டுகள் இலத்தீன், பௌதிகம், இரசாயனம் ஆகிய பாடங்களைக் கற்பித்துக்கொண்டே பந்தாட்டமும் பயிற்றினார். அதன்பின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலும் நியூயோர்க் ஜயன்ற்ஸ் குழுவிலும் உதவிப் பயிற்றுநராக இருந்தார். 1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிறீன் பே அவரை அழைத்தபோது அவருக்கு வயது 45.

அவர் முதலிற் கேட்டுப் பெற்றது முழு அதிகாரம். அதுவரை ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய நிர்வாக சபை ஆட்ட விடயங்களிலே தலையிட்டு வந்தது. பலர் கட்டளையிடும் இடத்தில் எவரும் பொறுப்பேற்பதில்லை. வெற்றி வந்தால் எல்லாருக்கும் உரியது, தோல்வி வந்தால் வீரனுக்கு உரியது என்றாகிவிடும். லொம்பார்டி பயிற்றுநர் பதவியையும் முகாமையாளர் பதவியையும் தாமே ஏற்றார். ஏற்றதனால் பழியும் தமக்கே என்பதையும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்து, முந்திய ஆண்டு ஆட்டங்களின் படச்சுருள்களை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தார். எவனை விலக்கலாம் என்பதைவிட, எவனை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்ததே அவர் சிறப்பு. போல் ஹோர்னங் கல்லூரிக் காலத்தில் நாட்டின் மிகச் சிறந்த வீரருக்கான பரிசைப் பெற்றவர். ஆயினும் கிறீன் பேயில் இரண்டு ஆண்டுகளாக அவரை ஒருநாள் குவாட்டர்பாக், ஒருநாள் புல்பாக் என்று இடம் மாற்றி மாற்றி அலைத்திருந்தார்கள். லொம்பார்டி அவரை இடது ஹாவ்பாக் என்ற ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் அவருடையதே என்று உறுதியும் கூறினார். 1960ஆம் ஆண்டிலே அதே ஹோர்னங் 12 ஆட்டங்களில் 176 புள்ளிகள் பெற்றார். ஒரு பருவத்துக்கான அந்தச் சாதனை 2006ஆம் ஆண்டு வரை முறியடிக்கப்படவில்லை. மனிதர் மாறவில்லை, நின்ற இடந்தான் மாறிற்று.

இனி மறிப்பு முறைக்கு வருவோம். லொம்பார்டி பலவகைத் தந்திரங்களை விரும்பியவர் அல்லர். சில ஆட்டமுறைகளையே எடுத்து, அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம் என்னும் அளவுக்குப் பயிற்றினார். அவற்றில் முதன்மையானது ஓரமாகச் சுற்றி ஓடும் ஓட்டம். 'பாக்கர்ஸ் சுவீப்' என்று அதற்குப் பெயர். அதனை நீங்கள் மனக்கண்ணிலே காண வேண்டும்.

குவாட்டர்பாக் ஸ்ரார் பந்தை வாங்கித் திரும்பி, இடப்பக்கத்திலிருந்து வரும் ஹோர்னங்கின் கையிற் கொடுக்கிறார். அதே கணத்தில், நேரே எதிரியை முட்ட வேண்டிய கார்ட் இருவரும், ஜெரி கிறேமரும் பஸி தேர்ஸ்ரனும், தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலே வலப்புறமாக ஓடுகிறார்கள். கிறேமர் விட்டுப்போன இடைவெளியாலே எதிரி பாய்ந்துவிடாமல் சென்ரர் றிங்கோ விரைந்து சென்று அடைக்கிறார். ரக்கிள் கிறெக் உட்புறமாகத் திரும்பி, நடுவில் நிற்கும் தற்காப்பு வீரனைத் தேக்கி வைக்கிறார். புல்பாக் ரெயிலர் எதிரியின் முனைவீரனை முட்டித் தள்ளுகிறார். வலது முனையில் நிற்பவர் றொன் கிறேமர். ஜெரியின் உறவினர் அல்லர். அவருக்கு எதிரே நிற்கும் தற்காப்பாளன் எந்தப் பக்கம் போக விரும்புகிறானோ அந்தப் பக்கமாகவே அவனைத் தள்ளிச் செல்ல வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. அவன் வெளியே போனால் உள்ளே வழி திறக்கும்; உள்ளே போனால் வெளியே வழி திறக்கும். முன்னோடும் கார்ட் ஒருவர் வெளிப்புறத்துக் காவலனை வீழ்த்த, மற்றவர் உட்புறத்தை அடைக்க, ஹோர்னங் அவர்களின் முதுகுக்குப் பின்னாலே பொறுமையாக ஓடி வந்து, வெளிச்சம் தெரியும் பக்கமாகப் பாய்கிறார்.

இந்த முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது? இன்ன இடத்தில் வழி திறந்தே ஆகவேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்துவிட்டு எதிரியோடு மல்லுக்கட்டுவது பழைய வழக்கம். எதிரி பலசாலியாக இருந்தால் அந்தத் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். லொம்பார்டியோ எதிரியின் விருப்பத்தையே தமக்குக் கருவியாக்கினார். அவன் எப்பக்கம் சென்றாலும் அதற்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பதினொருவரும் ஒருவரையொருவர் கவனித்து, ஒரே காட்சியை ஒரே விதமாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஓரடி பிந்தினாலும் ஓட்டம் முறிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவனுக்கும் அவன் செய்ய வேண்டியதோடு, அதனை ஏன் செய்ய வேண்டும் என்பதையும் கரும்பலகையில் எழுதி விளக்கினார் அந்தப் பழைய வாத்தியார். பின்னாளிற் புகழ்பெற்ற பயிற்றுநரான ஜோன் மடன், தாம் இளைஞராக இருந்தபோது லொம்பார்டியின் வகுப்புக்குச் சென்றதாகவும், அவர் இந்த ஓர் ஆட்டமுறையைப் பற்றி மட்டுமே எட்டு மணித்தியாலம் பேசியதாகவும் சொல்லியிருக்கிறார்.

1959ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே சிக்காகோ பெயர்ஸ் குழுவை 9 - 6 என்று வென்று புதிய பருவம் தொடங்கிற்று. முதல் மூன்று ஆட்டங்களும் வெற்றி. அதன்பின் தொடர்ந்து ஐந்து தோல்விகள். பழைய கதை திரும்பிவிட்டது என்று எவரும் எண்ணியிருப்பார்கள். பயிற்றுநர் ஒருவரின் தரம் தெரிவது இத்தகைய வேளையிலேதான். லொம்பார்டி மறிப்பு முறையைக் கைவிடவில்லை; ஆனால் குவாட்டர்பாக்கை மாற்றினார். 1956ஆம் ஆண்டு வீரர் தெரிவிலே இருநூறாவது ஆளாக எடுக்கப்பட்ட பார்ட் ஸ்ராரிடம் குழுவை ஒப்படைத்தார். கடைசி நான்கு ஆட்டங்களும் வெற்றியாயின. முடிவு: வெற்றி 7, தோல்வி 5. எதனை மாற்றுவது, எதனை மாற்றாமல் இருப்பது என்று பிரித்தறிந்த அறிவே அந்த நான்கு வெற்றிகளையும் தந்தது என்பது எமது கருத்து.

பயிற்றுநர் பிழைவிடாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சம்பியன் பட்டத்துக்காகப் பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவோடு ஆடினார்கள். தொடக்கத்திலேயே பாக்கர்ஸ் எதிரியின் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது. உதைத்திருந்தால் 3 புள்ளி கிடைத்திருக்கக்கூடும். லொம்பார்டி நான்காவது முயற்சியிலும் ஓடும்படி பணித்தார், ஓட்டம் நிறுத்தப்பட்டது. பின்னரும் ஒருமுறை அவ்வாறே நான்காவது முயற்சியிற் பந்தை இழந்தார்கள். கடைசிக் கணத்திலே ரெயிலர் பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய, சக் பெட்னாரிக் என்பவர் அவரைச் சில யார் தூரத்திலேயே வீழ்த்தி, மணி முடியும்வரை எழவிடவில்லை. 17 - 13. நான்கு புள்ளியாலே தோல்வி. அந்தத் தோல்விக்குக் காரணம் கடைசியில் விழுந்த ரெயிலரா? உதைக்க வேண்டாம் என்று எடுத்த முடிவல்லவா? லொம்பார்டி பழியை வீரர்மேற் போடவில்லை. தமது முடிவே பிழையென்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டுப் பயிற்சியின் முதல் நாளிலே, பட்டத்துக்கு நான்கு புள்ளி தூரம்வரை சென்ற அந்த வீரர்களின் முன்னே ஒரு பந்தைத் தூக்கிக் காட்டி, இதுதான் பந்து என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாராம்.

அதன்பின் பட்டத்துக்கான ஆட்டம் எதிலும் லொம்பார்டியின் பாக்கர்ஸ் தோற்றதில்லை. 1961ஆம் ஆண்டின் இறுதி நாளிலே நியூயோர்க் ஜயன்ற்ஸ் குழுவை 37 - 0 என்று வென்றார்கள். மூன்று ஆண்டுகளின் முன் 56 - 0 என்று தோற்ற குழு அது என்பதை மறந்துவிடாதீர்கள். 1961, 1962, 1965, 1966, 1967 என ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள் கிடைத்தன.

அவற்றுள் கடைசியானதை மட்டும் சொல்லுகிறோம். 1967 டிசெம்பர் 31. கிறீன் பேயிலே அன்று வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை சதமளவு. நடுவர்களாலே ஊதுகுழலை ஊத முடியவில்லை. தரை பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தது. டலஸ் கௌபோய்ஸ் 17, பாக்கர்ஸ் 14. எல்லைக்கோட்டுக்கு ஒரு யாருக்கும் குறைந்த தூரமே இருந்தது, மூன்றாவது முயற்சி, ஆட்டம் முடிய 16 விநாடி. உதைத்தால் சமநிலை, ஓடித் தவறினால் நேரம் முடிந்து தோல்வி. ஸ்ரார் ஓரத்துக்கு வந்து, பந்தைத் தாமே கொண்டுபோவதாகக் கூறினார். லொம்பார்டி இசைந்தார். அவ்வாரம் படச்சுருள் பார்த்தபோது, டலஸ் வீரர் ஜெத்றோ பியூ உடலைத் தாழ்த்தாமல் நிமிர்ந்தே எழுகிறார் என்பதை ஜெரி கிறேமர் கண்டு சொல்லியிருந்தார். அந்த இடத்தையே தெரிந்தார்கள். கிறேமர் தாழ்ந்து பாய்ந்து பியூவை முட்ட, சென்ரர் கென் போமனும் சேர்ந்து தள்ள, திறந்த சிறு இடைவெளியில் ஸ்ரார் விழுந்தார். 21 - 17.

அன்றைய வெற்றி ஸ்ராரின் பெயரில் எழுதப்பட்டது. கிறேமரின் பெயராவது படங்களாலும் அவர் எழுதிய நூலாலும் பரவிற்று. போமனை நினைத்தவர் மிகச் சிலர். அந்தக் கிறேமருக்குங்கூடக் கீர்த்தி மண்டபத்தின் கதவு 2018ஆம் ஆண்டிலேதான் திறந்தது. ஆட்டத்தை விட்டு ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! எழுவர் என்று முன்னே நாம் எண்ணியவர்களுள் கடைசியாக உள்ளே சென்றவர் அவர். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்போரை எல்லாரும் காண்கிறோம். சில்லின் கீழே உரிய வேளையில் கட்டை வைத்துத் தேரைத் திருப்புகிறவன் குனிந்தே நிற்கிறான். அவன் முகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? அவன் கை ஒருகணம் தவறினால் தேர் எங்கே போகும்?

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பயிற்றுநராலேயே ஆகும் என்றால், வீரரை நாம் பொம்மைகளாக்கி விடுவோம். பயிற்றுநர் மாறியும் தேறாத குழுக்கள் எத்தனையோ உண்டு. கிறீன் பேயிலேயே லொம்பார்டிக்கு முன் அப்படி நடந்தது. எழுவரை முன்னரே தேடிச் சேர்த்தவர்கள் இல்லாவிட்டால் அவராலும் ஒன்றும் இயன்றிராது. ஆயினும் மறுபக்கமும் உண்டு. லொம்பார்டி பயிற்றுநர் பொறுப்பை விட்ட 1968ஆம் ஆண்டிலே, பெரும்பாலும் அதே வீரர்கள் ஆடியும், வெற்றி 6, தோல்வி 7, சமநிலை 1 என்றாயிற்று. வயது ஏறியதும் ஒரு காரணந்தான். அவரோ 1969இல் வாஷிங்ரன் குழுவை ஏற்று, பதினான்கு ஆண்டுகளின் பின் அதற்கு வெற்றி மிகுந்த பருவத்தைத் தேடிக் கொடுத்தார். 1970ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே நோயால் மறைந்தார். இன்று அந்நாட்டின் சம்பியன் கிண்ணம் அவர் பெயரையே தாங்குகிறது.

நண்பர்களே, முடிக்குமுன் எங்கள் கல்லூரி மைதானத்துக்கு ஒருமுறை திரும்புகிறோம். அந்தப் பருவத்திலே எதிரியின் முன்னணி வீரனை எவன் கவனிப்பது, பந்து ஓரத்துக்குப் போனால் எவன் எந்த இடத்தை அடைப்பது என்று எங்களுக்குள் ஒருநாளாவது பேசி முடிவு செய்ததில்லை. சொல்லித்தர எவரும் இருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்துப்பேர் செய்யாமல் விட்ட வேலையின் முடிவு பதினோராவது ஆளின் கையிலே கோலாக வந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்தவன் அவன் ஒருவனே. ஆகையால் அவனையே குற்றவாளியாக்கினோம்.

இந்தச் சங்கத்திலும் விழாக்கள் வரும், வேலைகள் பகிரப்படும், சில சரிவரும், சில பிழைக்கும். பிழைக்கும்போது கடைசியாகப் பந்தைத் தவறவிட்டவனை நோக்கி விரல் நீட்டுமுன், அவனுக்கு முன்னே நிற்க வேண்டியவர்கள் நின்றார்களா, எங்கே நிற்பதென்று எவராவது சொன்னார்களா என்று கேட்போமாக. எமது நண்பனுக்கு நாம் கடிதம் எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், எழுத வேண்டியது எமது கடன்.